38-வது வளைவில் மூச்சு வாங்கிய வண்டி

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு அடிவாரம் வரைக்கும் பயணம் சாதாரணமானதுதான். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி என்று வயலும் தோப்புமாகச் சாலை நீளும். காரவள்ளி வந்ததும் எதிரே சுவர் மாதிரி மலை நிற்கும். அங்கிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வருகிற குழந்தைகள் அதை எண்ணிக்கொண்டே போவார்கள். முப்பதைத் தாண்டும்போது பாதிப் பேருக்குத் தலை சுற்றும், மீதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

சரக்கு ஏற்றிப் போகிற பிக்-அப் ஓட்டுநர்களும் வளைவுகளை எண்ணுவார்கள். காரணம் வேறு. எந்த வளைவில் வண்டியை எந்த கியரில் திருப்ப வேண்டும், எங்கே எதிர் வண்டிக்கு ஒதுங்க இடம் இருக்கிறது, எங்கே நின்றால் ஆபத்து என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அப்படி மனப்பாடமாக ஓட்டிய ஒருவருக்கு, கடந்த பலா சீசனுக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு பிரச்னை வந்தது. அவருடைய பழைய டீசல் பிக்-அப், 38-வது வளைவுக்குப் பக்கத்தில் திடீர் திடீரென்று சக்தியை இழந்தது.

மலையை நம்பி ஒரு வண்டி

கொல்லிமலையில் விளையாதது குறைவு. மிளகு, காபி, வாழை, அன்னாசி, பலா, மரவள்ளி, சாமை, தினை என்று பட்டியல் நீளும். கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் குதிரை மேல் இருக்கும் அவர் சிலையைப் பார்க்காமல் யாரும் போக முடியாது. ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வருகிறவர்களால் மலைக்கு வருமானம் உண்டு. ஆனால், மலையில் வாழ்கிறவர்களுக்குச் சோறு போடுவது விளைச்சல். அதைக் கீழே கொண்டுவந்து காசாக்குவது பிக்-அப் வண்டிகள்.

இறங்கும்போது பழமும் மிளகும் வரும். ஏறும்போது சிமென்ட், உரம், மளிகை, ஓடு, தகரம் போகும். இந்த ஓட்டுநரும் அப்படித்தான். சொந்த வண்டி, கடன் முடிந்த வண்டி. கூடவே கிளீனராக அக்கா மகன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருந்த பையன்.

முதல் தடவை கோளாறு வந்தபோது வண்டியில் 20 மூட்டை சிமென்ட் இருந்தது. முப்பது வளைவு வரை எந்தக் குறையும் இல்லாமல் ஏறிய வண்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறைந்து, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் முக்கியது. முதல் கியரில்கூட நகரவில்லை. இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துவிட்டது. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தது. வண்டி இரண்டடி பின்னால் உருண்டது. பையன் குதித்து, பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டான்.

பானெட்டைத் திறந்து, ஃபில்டர் மேல் இருக்கும் கை பம்பை அழுத்தி, ஏர் எடுத்துப் பார்த்தார் ஓட்டுநர். பத்துப் பதினைந்து நிமிடம் ஆனது. மறுபடி ஸ்டார்ட் செய்தால், எதுவுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியது. செம்மேடு வரைக்கும் ஒரு சிணுங்கல் இல்லை.

"ஏர் புடிச்சிருக்கும்டா" என்று பையனிடம் சொன்னார். அத்தோடு மறந்தும் போனார்.

மறு வாரம் மறுபடி நின்றது. அதற்கடுத்த நடை நிற்கவில்லை. அடுத்த நடை நின்றது.

போய்ப் போய் வருகிற கோளாறு

முழுதாகக் கெட்டுப்போன வண்டியைச் சரி செய்வது சுலபம் என்பார்கள் மெக்கானிக்குகள். எது உடைந்ததோ அது கண்ணுக்குத் தெரியும். வந்து வந்து போகிற கோளாறுதான் ஆளைச் சோர்வடையச் செய்யும். பட்டறைக்குப் போனால் வண்டி நல்ல பிள்ளையாக ஓடும். சமவெளியில், காலி வண்டியில், இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். மலையில் ஏறினால் பழைய கதை.

நாமக்கல் பகுதியில் வண்டி வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. லாரிக்கு பாடி கட்டுவதில் நாடெங்கும் பெயர் வாங்கிய ஊர் அது. பக்கத்துத் திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. ஓட்டுநர் ஒவ்வொரு பட்டறையாகப் போனார். டீசல் ஃபில்டர் மூன்று முறை மாறியது. ஏர் ஃபில்டர் மாறியது. நாசில்களைக் கழற்றிச் சோதித்தார்கள். கடைசியில் டீசல் பம்பையே இறக்கி, கேலிபரேஷன் செய்து மாட்டினார்கள். யாரும் ஏமாற்றவில்லை. அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஆனால், செலவு 20,000 ரூபாயைத் தாண்டியது. பம்ப் வேலைக்கு மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது.

பம்ப் மாட்டிய மறுநாள், உர மூட்டைகளோடு ஏறிய வண்டி 36-வது வளைவில் நின்றது.

அன்றைக்குத்தான் ஒன்று நடந்தது. வண்டி பின்னால் சரிய, கட்டை போடக் குதித்த பையனின் கால் ஈரத்தில் வழுக்கியது. சக்கரத்துக்கும் அவனுக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை. பையன் எழுந்து, சேற்றைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல மாமா" என்றான். மாமாவுக்குக் கை நடுக்கம் அடங்க வெகு நேரம் ஆனது.

அன்று இரவு வீட்டில், "வித்துரலாம்னு இருக்கேன்" என்றார்.

மனைவி உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வித்துட்டு?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு அவரிடம் பதில் இல்லை. பழைய வண்டிக்கு புரோக்கர் சொன்ன விலை, புது வண்டியின் முன்பணத்துக்குக்கூடக் காணாது. சரக்கு கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு கடைக்காரர்கள் ஏற்கெனவே வேறு வண்டிக்கு மாறியிருந்தார்கள்.

கேள்வி கேட்ட மெக்கானிக்

சேந்தமங்கலத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், மலை ஏறுகிற வண்டிகளையே பார்த்துப் பழகியவர் என்று யாரோ சொன்னார்கள். கடைசி முயற்சியாக அங்கே போனார்.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"எப்பத் தம்பி நிக்குது?"

"ஏறும்போதுங்கண்ணா. முப்பது வளைவு தாண்டினா. இறங்கும்போது ஒண்ணும் பண்றதில்லீங்க."

"நிக்கறப்ப கரும்புகை தள்ளுதா?"

ஓட்டுநர் யோசித்தார். "இல்லீங்கண்ணா. பொகையே வர்றதில்ல."

மெக்கானிக் தலையாட்டினார். இந்த ஒரு பதிலில் பாதிச் சந்தேகங்கள் கழிந்தன. டீசல் இன்ஜினுக்கு வேண்டியது இரண்டு. காற்றும் டீசலும். காற்று போதாமல் டீசல் மட்டும் போனால், அது முழுதாக எரியாமல் கரும்புகையாக வெளியே வரும். ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ இருக்கும் வண்டியில் அதன் குழாயில் கிழிசல் எல்லாம் இந்த வகை. புகையே இல்லாமல் வண்டி சோர்ந்தால், பெரும்பாலும் டீசல் போய்ச் சேரவில்லை என்று பொருள். நீல நிறப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

உயரமும் ஒரு காரணம்தான். மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத பழைய இன்ஜின், ஆயிரம் மீட்டர் உயரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். ஆனால், அது எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு நாள் வந்து, ஒரு நாள் வராமல் போகாது.

"நிக்காத நாளும் இருக்குதுல்ல? அன்னைக்கு என்ன வித்தியாசம்?"

"அதானுங்கண்ணா தெரியல. லோடு அதேதான். ரோடு அதேதான்."

"டீசல்?"

ஓட்டுநர் சிரித்தார். "அதைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. கையில காசு இருந்து ஃபுல் டேங்க் அடிச்ச அன்னைக்குத்தான் நிக்குது. காசில்லாம ஐநூறு ரூபாய்க்குப் போட்ட அன்னைக்கு நல்லா ஓடுது. எனக்கே நேரம் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன். டீசல் சரியில்லையோன்னு பங்க்கைக்கூட மாத்திப் பாத்துட்டேன்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. ஸ்டூலை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"இந்தத் தொந்தரவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வண்டியில புதுசா என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலீங்க."

பக்கத்தில் நின்ற பையன் மெதுவாகச் சொன்னான். "மாமா… டேங்க் மூடி."

ஒரு சின்ன மூடியின் கதை

சில மாதங்களுக்கு முன்பு, இரவு நிறுத்தி வைத்திருந்த வண்டியிலிருந்து யாரோ டீசலை உறிஞ்சிவிட்டார்கள். பழைய மூடியும் காணாமல் போனது. மறுநாள் ஒரு கடையில், சாவி போட்டுப் பூட்டுகிற மூடியை வாங்கி மாட்டினார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. பூட்டும் நல்ல பூட்டு. அப்புறம் அதை யாரும் நினைக்கவே இல்லை.

அன்று மெக்கானிக் உடனே எதையும் கழற்றவில்லை. "சரின்னு தோணுது. ஆனா, மலை சொல்லட்டும்" என்றார். டேங்கை நிரப்பச் சொன்னார். ஃபில்டருக்கு வரும் டீசல் குழாயில், நடுவே ஒரு சாண் கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் டியூப்பை இணைத்தார். எங்கேயாவது காற்று உள்ளே புகுந்தால் குமிழி தெரியும். அரை வண்டி உர மூட்டை ஏற்றச் சொன்னார். மூன்று பேருமாகக் கிளம்பினார்கள்.

பத்து, இருபது, முப்பது. வண்டி சளைக்காமல் ஏறியது. 34-வது வளைவில் இழுவை குறைந்தது. ஒதுங்க இடம் இருந்த இடத்தில், நிற்கும் முன்பே நிறுத்தச் சொன்னார் மெக்கானிக். ஹேண்ட் பிரேக், முதல் கியர், சக்கரத்துக்குக் கட்டை. அதன் பிறகுதான் பானெட்.

டியூப்பில் குமிழி இல்லை. ஆனால், டேங்கிலிருந்து வருகிற ரப்பர் குழாய், உறிஞ்சிய பால் பாக்கெட் மாதிரி ஒட்டிப்போய் இருந்தது. கை பம்ப் கல்லாக இறுகியிருந்தது.

"இப்ப மூடியத் தொற."

பையன் சாவி போட்டுத் திருகினான். 'புஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை. உள்ளே போனது. ஒட்டிக்கிடந்த குழாய் அவர்கள் கண் முன்னாலேயே உப்பிக்கொண்டது. மூடியை லேசாக வைத்து, மேலே துணி கட்டி, மெதுவாகக் கிளப்பினார்கள். 70 வளைவையும் தாண்டி, சோளக்காடு வரைக்கும் வண்டி நிற்கவே இல்லை.

எண்ணெய் டின்னில் இரண்டாவது ஓட்டை

நடந்தது என்ன என்பது, வீட்டில் எண்ணெய் டின் திறந்த எவருக்கும் புரியும். ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் 'குளுக் குளுக்' என்று திணறி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் ஒரே சீராக ஊற்றும். வெளியே போகிற எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும்.

டீசல் டேங்கும் அப்படித்தான். சில வண்டிகளில் மூடியிலேயே காற்று புகச் சின்னத் துளை இருக்கும். சிலவற்றில் அதற்கென்று தனிக் குழாய் இருக்கும். தனிக் குழாய் உள்ள வண்டிக்கான மூடியில் துளை தேவையில்லை. அப்படிப்பட்ட மூடி ஒன்று, மூடித்துளையை நம்பியிருந்த இந்த வண்டிக்கு வந்து சேர்ந்துவிட்டது. மூடியும் நல்ல மூடிதான், வண்டியும் நல்ல வண்டிதான். ஜோடிதான் தப்பு.

சமவெளியில் டீசல் மெதுவாகச் செலவாகும். ரப்பர் வளையத்தின் ஓரமாகக் கசிகிற காற்று அதற்கு ஈடுகொடுத்துவிடும். மலையில் லோடோடு ஏறும்போது டீசல் வேகமாகக் குறையும். கசிகிற காற்று போதாது. டேங்குக்குள் வெற்றிடம் கூடும். ஒரு கட்டத்தில் இன்ஜினின் ஃபீட் பம்பால் அதை எதிர்த்து டீசலை இழுக்க முடியாது. வண்டி சோரும், நிற்கும். பத்து நிமிடம் நின்றால் கொஞ்சம் காற்று உள்ளே கசிந்துவிடும். மறுபடி ஓடும். கை பம்ப் அடித்ததால்தான் சரியானது என்று ஓட்டுநர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஃபுல் டேங்க் அன்று மட்டும் ஏன்? நிரம்பிய டேங்கில் மேலே காற்றுக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு. இரண்டு லிட்டர் டீசல் போனாலே அந்தக் கொஞ்சக் காற்று வெகுவாக மெலிந்துவிடும். பாதி டேங்கில் காற்று நிறைய இருப்பதால், அதே இரண்டு லிட்டரால் பெரிய மாற்றம் வராது. ஓட்டுநர் தன் கெட்ட நேரம் என்று நினைத்ததுதான், மெக்கானிக்குக்குக் கிடைத்த நல்ல தடயம்.

பழைய டீசல் வண்டி வைத்திருக்கிறீர்களா?

மெக்கானிக் அன்று திரும்பி வரும்போது சொன்னவை, பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும்.

* முதலில் நோட்டில் எழுதுங்கள். ஏற்றமா, சமவெளியா? எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு? டேங்கில் எவ்வளவு டீசல்? புகை என்ன நிறம்? நான்கு முறை எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியும்.

* செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். சக்தி குறையும்போது பாதுகாப்பாக ஒதுங்கி நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உறிஞ்சும் சத்தம் பலமாக வந்து, பிறகு வண்டி சரியாக ஓடினால் காற்றுத் துளையைக் கவனியுங்கள். துளை சரியான மூடியிலும் மண் அடைத்துக்கொள்ளலாம்.

* மூடியில் குறை இல்லையென்றால், டேங்குக்குள் குப்பை இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது குப்பை உறிஞ்சு குழாயின் வாயை அடைக்கும், நிறுத்தினால் விலகிவிடும். இதுவும் நின்றால் சரியாகிற கோளாறுதான்.

* டீசல் குழாயில் குமிழி தெரிந்தால் எங்கோ காற்று புகுகிறது. காய்ந்து வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், நைந்த வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள்.

* மெக்கானிக்கை வைத்து, டேங்குக்குப் பதில் தனி கேனிலிருந்து டீசல் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். அப்போது கோளாறு வரவில்லையென்றால், குறை டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில்தான். பம்பையும் நாசிலையும் தொட வேண்டியதில்லை.

* எல்லா இழுவைக் குறைவும் இன்ஜினால் வருவதில்லை. பிரேக் விடாமல் உரசினாலும் வண்டி இழுக்காது. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் அதிக அனல் அடிக்கிறதா என்று பாருங்கள்.

* பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் அழுத்தம் மிக அதிகம். இன்ஜின் ஓடும்போது அங்கே கை வைக்கவே கூடாது. கணினி வைத்த புது டீசல் வண்டிகளில் தானாக எதையும் கழற்றாமல், ஸ்கேனர் உள்ள பட்டறைக்கே போவது நல்லது.

ஆடிப் பெருக்குக்கு மலையில்

துளையுள்ள சரியான மூடி அடுத்த நாளே கிடைத்தது. அதன் விலையைச் சொல்ல ஓட்டுநருக்கு இன்னும் கூச்சம். மெக்கானிக் தன் கூலியாக வாங்கியதும் அதிகமில்லை. "பம்புக்குப் போன காச நெனச்சு வருத்தப்படாதீங்க. எப்பவாச்சும் பாக்க வேண்டிய வேலைதான்" என்று ஆறுதல் சொன்னார்.

பலா சீசன் வந்தது. வண்டி நாள் தவறாமல் ஓடியது. போன கடைக்காரர்களில் ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவில்லை. ஆடி மாதத்தில், மலையில் வல்வில் ஓரி விழா நடக்கும் நாள்களில், சரக்கு இல்லாமல் ஒரு நடை போனார் ஓட்டுநர். முன் சீட்டில் மனைவி. காதில் கம்மல் இருந்தது. பின்னால் பையன், கையில் வழக்கமான கட்டையோடு. அடிவாரத்தில் டேங்கை நிரப்பியிருந்தார்கள்.

"எந்த வளைவுல நிக்கும்னு சொன்னீங்க?" என்று கேட்டார் மனைவி.

38-ல் ஒதுக்கி நிறுத்தினார். மூன்று பேரும் இறங்கினார்கள். கீழே தாங்கள் ஏறி வந்த சாலை, மடித்துப் போட்ட கயிறு மாதிரி கிடந்தது. அதற்கும் அப்பால் வயல்கள். இத்தனை வருடம் இந்த வழியில் ஓட்டியும், இங்கே நின்று அவர் கீழே பார்த்ததே இல்லை. நின்ற நாளெல்லாம் பானெட்டுக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் பேச்சைக் கேட்டபடியே போய், பின் சக்கரத்துக்குக் கட்டையை வைத்தான். யாரும் சொல்லவில்லை. அது பழக்கமாகிவிட்டது. நல்ல பழக்கம்தான் என்று மாமாவும் விட்டுவிட்டார்.